லயனல் டெர்டிஸும் வியோலாவின் வழக்கும்

பிரஷ்ய அரசவையின் புல்லாங்குழல் கலைஞர் யோஹான் யோவாகிம் குவான்ட்ஸ் 1752இல் தம் புகழ்பெற்ற குழலிசை நூலை வெளியிட்டபோது, வியோலாவுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அந்த அத்தியாயம் ஒரு முறையீட்டோடு தொடங்குகிறது: இசையுலகில் வியோலாவை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, புதிதாகக் கற்க வந்தவர்கள் கையிலும் வேறெதற்கும் தேறாதவர்கள் கையிலும்தான் அதைக் கொடுக்கிறார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சுப் படைப்பாளி பெர்லியோஸ் வாத்திய அமைப்பு பற்றி எழுதியபோதும் இதே குறையைத்தான் சொன்னார். வயலினில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணையாகவே வியோலா வரிசை இருந்தது. பாக், மோட்ஸார்ட், பேத்தோவன் மூவருமே வியோலாவைத் தம் கையால் வாசித்தவர்கள். அந்தப் பெருமையும் அதன் சமூக நிலையை உயர்த்தவில்லை.

இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழானது. வால்ட்டன், ஹிண்டெமித், பார்டோக், பெஞ்சமின் பிரிட்டன், ஷோஸ்டகோவிச், லிகெட்டி எனப் பெரும் படைப்பாளிகளின் முதன்மையான ஆக்கங்களில் பல வியோலாவுக்காகவே எழுந்தன. இந்த மாற்றத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால், இங்கிலாந்தின் லயனல் டெர்டிஸ் (1876–1975) பெயரைத்தான் பெரும்பாலான நூல்கள் முதலில் சொல்கின்றன. அது எந்த அளவுக்குச் சரி? ஒரு மனிதரின் உழைப்பு எங்கே முடிகிறது, காலத்தின் போக்கு எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்வியோடு அவர் வாழ்க்கையைப் படிக்கும்போதுதான் அவருடைய உண்மையான உயரமும் அவருடைய எல்லையும் சேர்ந்து தெரிகின்றன.

முதலில் வாத்தியத்தின் சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். வியோலாவின் நான்கு தந்திகள் வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்க்கப்படுகின்றன. அந்தத் தாழ்ந்த சுரங்கள் வயலினுக்கு இணையான கணீரென்ற ஒலி பெற வேண்டுமானால், வாத்தியத்தின் உடலும் அதே விகிதத்தில், அதாவது வயலினைப்போல் ஒன்றரை மடங்கு வளர வேண்டும். அப்படிச் செய்தால் உடல் மட்டும் 53 செ.மீ. நீளம் வரும். அதைத் தோளில் வைத்து வாசிக்க மனிதக் கைக்கு எட்டாது. ஆகவே 38 முதல் 45 செ.மீ.க்குள் தச்சர்கள் சமரசம் செய்துகொண்டார்கள். எழுப்ப வேண்டிய ஒலிக்குச் சற்றுச் சிறிய உடல். அதனால்தான் அந்தத் திரையிட்ட, கொஞ்சம் கம்மிய நாதம். வியோலாவின் குறை, அழகு இரண்டும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

இதைத் தீர்க்க முயன்றவர்கள் டெர்டிஸுக்கு முன்பும் உண்டு. ஜெர்மனியில் ஹெர்மன் ரிட்டர் 1870களில் சுமார் 48 செ.மீ. நீளமுள்ள ‘வியோலா ஆல்ட்டா’வை உருவாக்கினார். வாக்னர் அதை விரும்பி, 1876இல் பைராய்ட் விழாவின் வாத்தியக் குழுவுக்கு அவரை அழைத்துக்கொண்டார். ஒலி கிடைத்தது; ஆனால் நீண்ட கைகள் கொண்டவர்கள் மட்டுமே வாசிக்க முடிந்ததால் அது பரவவில்லை. பாரிஸ் கன்சர்வேட்டரி 1894இல் தெயோஃபில் லஃபோர்ஷின் பொறுப்பில் வியோலாவுக்குத் தனி வகுப்பே தொடங்கிவிட்டது. எனவே டெர்டிஸ் வெற்றிடத்தில் வந்து குதித்தவர் அல்லர். முன்னோர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவது வேறொன்று. அவர்கள் கச்சேரி மேடையின் ஓரத்திலோ வகுப்பறையிலோ நின்றார்கள்; அவர் மேடையின் நடுவில் வந்து நின்றார். அங்கே நிற்பதற்கான பாட்டுகளையும் கேட்டு வாங்கினார்.

அவர் பிறந்தது 1876 டிசம்பர் 29, இங்கிலாந்தின் வெஸ்ட் ஹார்ட்ல்பூல் துறைமுக நகரில். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் பிறந்ததும் அதே நாளில்தான். பின்னாளில் நண்பர்களான இருவரும் தத்தம் வாத்தியத்தின் தலையெழுத்தை மாற்றியவர்கள். டெர்டிஸின் பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை யூத ஆலயத்தில் வழிபாட்டுப் பாடகர். குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனபோதே குடும்பம் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதிக்குப் போனது. ஏழைக் குடியேறிகளின் நெரிசலான பேட்டை அது. முதலில் கற்றது பியானோ. பதின்மூன்று வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, பியானோ வாசித்துக் கிடைத்த காசைச் சேர்த்து வயலின் படித்தார். டிரினிட்டி கல்லூரி, லைப்சிக், பிறகு லண்டன் ராயல் அகாடமி என்று படிப்பு நீண்டது.

அகாடமியில் ஒரு நால்வர் குழுவுக்கு வியோலா வாசிக்க ஆள் இல்லை. உடன் படித்த பெர்சி ஹில்டர் மைல்ஸ் கேட்டுக்கொண்டதால் டெர்டிஸ் அதை எடுத்தார். அந்தக் கனத்த நாதத்தில் மயங்கியவர் பிறகு வயலினுக்குத் திரும்பவே இல்லை. சொல்லிக்கொடுக்கப் பொருத்தமான ஆசிரியர் கிடைக்காததால் பெரும்பாலும் தாமாகவே கற்றார். மெண்டல்சோனின் வயலின் கான்செர்ட்டோவை ஒரு பஞ்சமம் இறக்கி வியோலாவில் வாசித்துக் காட்டியபோது, அந்தத் தலைமுறையின் மூத்த வியோலாக் கலைஞர் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டதாம். வியோலாவில் அவ்வளவு மேலே போவதைப் பன்றியின் கூச்சலுக்கு ஒப்பிட்டு அவர் கடிந்துகொண்டதை டெர்டிஸ் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். அன்றைய மரபின் எல்லை இந்தக் கோபத்தில் தெளிவாகத் தெரிகிறது: வியோலா நடுவில் இருந்து இட்டு நிரப்ப வேண்டும், உச்சஸ்தாயி அதன் இடமல்ல. டெர்டிஸ் வாழ்நாள் முழுக்க எதிர்த்தது இந்த எல்லையைத்தான்.

ஹென்றி வுட்டின் குயின்ஸ் ஹால் வாத்தியக் குழுவில் முதன்மை வியோலாவாகச் சில ஆண்டுகள் இருந்தார். 1904 வாக்கில் அதை விட்டு விலகித் தனிக் கச்சேரி என்ற நிச்சயமில்லாத வழியில் இறங்கினார். வியோலாவுக்குத் தனிக் கச்சேரி என்று ஒன்று அப்போது கிடையாது. வாசிக்கப் பாட்டும் இல்லை. இந்த இடத்தில்தான் அவருடைய தனித்தன்மை வெளிப்படுகிறது. அகாடமியில் உடனிருந்த இளம் படைப்பாளிகளை விடாமல் கேட்டுத் துளைத்து எடுத்தார். யார்க் போவன் இரண்டு சொனாட்டாக்களும் 1908இல் அரங்கேறிய ஒரு கான்செர்ட்டோவும் எழுதினார். பெஞ்சமின் டேல் 1906இல் ஒரு பெரிய ஸூட் எழுதினார். 1911இல் ஆறு வியோலாக்கள் மட்டுமே சேர்ந்து வாசிக்கும் ஒரு படைப்பையும் தந்தார். பாக்ஸ் 1920இல் வாத்தியக் குழுவோடு ஒரு ஃபேன்டஸியும் 1922இல் ஒரு சொனாட்டாவும் தந்தார். தாமே வியோலாக் கலைஞரான ஃபிராங்க் பிரிட்ஜ், இரண்டு வியோலாக்களுக்கு எழுதிய ‘லமென்ட்’டை 1912இல் டெர்டிஸோடு சேர்ந்து வாசித்தார்.

அடுத்த கட்டத்தில் வந்தவை இன்னும் கனமானவை. வான் வில்லியம்ஸ் 1925இல் ‘ஃப்ளோஸ் காம்ப்பி’ எழுதினார். தனி வியோலா, சிறிய வாத்தியக் குழு, சொற்களே இல்லாமல் பாடும் குழுப்பாடகர்கள் என்று அமைந்த அதை எந்த வகையில் சேர்ப்பதென்றே முதல் கேட்பில் பலருக்குப் புரியவில்லை. இங்கே வியோலா மனிதக் குரல்களுக்கு இடையில் இன்னொரு குரலாகிறது. இந்த வாத்தியத்தின் நாதத்தை இவ்வளவு நெருக்கமாகப் புரிந்துகொண்ட படைப்பு வேறு அதிகமில்லை என்பது என் எண்ணம். 1934இல் அதே வான் வில்லியம்ஸின் எட்டுப் பகுதி ஸூட்டும், ஹோல்ஸ்டின் ‘லிரிக் மூவ்மென்ட்’டும் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஆர்தர் பிளிஸின் சொனாட்டா. எல்லாமே டெர்டிஸ் என்ற ஒரே மனிதரின் ஒலியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படைப்பாளி எழுதித் தராத இடத்தில் அவரே பிற வாத்தியப் பாட்டுகளை எடுத்து மாற்றி அமைத்தார். பாக் வயலினுக்கு எழுதிய ‘ஷகோன்’ வியோலாவுக்கு வந்தது இப்படித்தான். அதைவிடத் துணிச்சலானது எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ. மெதுவான பகுதியில் செல்லோ இறங்கும் ஆழத்துக்கு வியோலா எட்டாது என்பதால், தம் கடைசித் தந்தியின் சுருதியையே ஒரு முழுச் சுரம் இறக்கிவைத்து வாசித்தார். எல்கர் ஒப்புதல் தந்ததோடு நில்லாமல், 1930 மார்ச்சில் குயின்ஸ் ஹாலில் அதைத் தாமே நடத்தினார். பிறருடைய சொத்தை இப்படி எடுத்தாளலாமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வறுமையில் இருந்த ஒரு வாத்தியத்துக்கு வேறு வழி இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்பதே நியாயம்.

இனி, அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்பட்ட நிகழ்வு. 1928இன் இறுதியில் இளைஞர் வில்லியம் வால்ட்டன், நடத்துநர் தாமஸ் பீச்சம் தந்த யோசனையின் பேரில், டெர்டிஸை மனத்தில் கொண்டு ஒரு வியோலா கான்செர்ட்டோவை எழுதத் தொடங்கினார். முடித்து அனுப்பினார். வந்த வேகத்திலேயே தபாலில் அது திரும்பிப் போனது. அந்த இசைமொழி டெர்டிஸுக்கு அளவுக்கு மீறி நவீனமாகப் பட்டது. மனமுடைந்த வால்ட்டன் அதை வயலினுக்கு மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தார். பிபிசியின் எட்வர்ட் கிளார்க், ஜெர்மனியில் இருந்த பால் ஹிண்டெமித்துக்கு அதை அனுப்பச் சொன்னார். ஹிண்டெமித் படைப்பாளி மட்டுமல்ல, அமர் குவார்டெட்டின் வியோலாக் கலைஞரும்கூட. அவர் ஒப்புக்கொண்டார். 1929 அக்டோபர் 3 அன்று, லண்டனின் ‘புரோம்ஸ்’ (Proms) கச்சேரி வரிசையில், வால்ட்டன் நடத்த ஹிண்டெமித் வாசித்து அது அரங்கேறியது. அவையில் டெர்டிஸும் இருந்தார். தாம் மறுத்தது என்ன என்பது அன்று அவருக்கு விளங்கியது. பிறகு அதைக் கற்று, 1930இல் பெல்ஜியத்தின் லியேழ் நகரில் நடந்த சர்வதேச சமகால இசை விழாவிலும் தொடர்ந்து பல மேடைகளிலும் வாசித்தார். மறுத்தது தம் பிழை என்பதைத் தன்வரலாற்றில் எந்தச் சால்ஜாப்பும் இல்லாமல் எழுதிவைத்தார்.

இதை வெறும் சுவையான சம்பவமாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு இதுதான் அவர் வாழ்வின் மையம் என்று தோன்றுகிறது. இந்தக் கான்செர்ட்டோவின் தொடக்கத்தைக் கேளுங்கள். வாத்தியக் குழு சில நொடிகள் மங்கலாகத் தொடங்க, வியோலா தன் தாழ்ந்த பகுதியிலிருந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு துயரப் பாட்டை எடுத்துக்கொண்டு மெல்ல ஏறுகிறது. நடுவில் சீறிப் பாயும் ஸ்கெர்ட்ஸோ. முடிவில் ஆரவாரம் அடங்கி, முதல் பாட்டு மீண்டும் வருகிறது. தாழ்ந்த தந்தியின் கனம், உச்சஸ்தாயியின் பதற்றம், இரண்டுக்கும் நடுவே பேச்சுக்குரல் போன்ற பகுதி என்று டெர்டிஸ் கால் நூற்றாண்டாக மேடையேறி நிலைநாட்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன. லண்டனில் ஓர் இளம் படைப்பாளிக்கு வியோலா கான்செர்ட்டோ எழுதலாம் என்ற எண்ணமே அவரால்தான் சாத்தியமாயிற்று. ஆனால் அந்த உழைப்பின் ஆகச் சிறந்த விளைச்சல் வாசலுக்கு வந்தபோது, அவருடைய சொந்த ரசனை கதவைச் சாத்திவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாடும் மரபில் ஊறிய செவி அது. அவர் தொடங்கிவைத்த இயக்கம் அவருடைய ரசனையை விடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. முன்னோடிகளின் வெற்றிக்கு இதைவிட நல்ல சான்று வேறு எதைச் சொல்வது?

அந்தச் செவி எப்படிப்பட்டது என்பதை ஒலித்தட்டுகளில் கேட்கலாம். வோக்காலியன் நிறுவனத்துக்கும் பிறகு கொலம்பியா நிறுவனத்துக்கும் அவர் நிறையப் பதிந்தார். 1924இல் பதிந்த ‘ஷகோன்’னும், 1933இல் வயலின் கலைஞர் ஆல்பர்ட் ஸாமன்ஸோடு சேர்ந்து ஹாமில்டன் ஹார்ட்டி நடத்த வாசித்த மோட்ஸார்ட்டின் ‘சின்ஃபோனியா கான்செர்ட்டான்ட்டே’யும் தவறவிடக் கூடாதவை. வயலின் மேதை கிரைஸ்லரைக் கேட்டபின், இடது கை விரலைச் சுரத்தின் மேல் ஓயாமல் அதிரவிடும் முறையை அவர் தமதாக்கிக்கொண்டார். 1938இல் நாத அழகைப் பற்றி எழுதிய சிறுநூலிலும் அந்த அதிர்வு ஒரு கணமும் அறுந்துவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அவருடைய போக்கு, நம் கர்நாடக இசையின் ஜாருவைக் கேட்டுப் பழகிய காதுக்கு உறுத்தாது; இன்றைய ஐரோப்பிய ரசிகருக்கு அது பழைய பாணியாகத் தோன்றலாம். மோட்ஸார்ட்டுக்கு அவர் தாமே எழுதிச் சேர்த்த கடென்ஸா என்ற தனி வாசிப்புப் பகுதியும் இன்றைய அளவுகோலுக்கு மிகையானதுதான். அந்த ஒலியின் அடர்த்தியை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. பழைய தட்டின் இரைச்சலையும் மீறி அது வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. (நம் பக்கத்தில் பாலமுரளி கிருஷ்ணா வியோலாவில் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அந்தத் தாழ்ந்த தந்தியின் ஈர்ப்பு ஓரளவு தெரிந்திருக்கும்.)

அடர்த்திக்காக அவர் கொடுத்த விலையும் உண்டு. 1920இல் பாரிஸில் ஒரு மொன்டன்யானா வியோலாவை வாங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸின் கைவேலை. நீளம் 17 1/8 அங்குலம். வாசிக்க முடியாத நிலையில் கிடந்தது. அவ்வளவு பெரிய வாத்தியத்துக்குப் பெட்டி கிடைக்காமல், மனைவியின் மழைக்கோட்டில் சுற்றித்தான் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கொண்டுவந்தார்கள். டெர்டிஸோ சிறிய உருவம் கொண்டவர். பல ஆண்டுகள் அந்தக் கனத்தோடு மல்லுக்கு நின்றார். 1937இல், புகழின் உச்சியில் இருந்தபோது, வலது கையைத் தாக்கிய வாத வலியால் மேடையை விட்டு விலகுவதாக அறிவித்தார். மொன்டன்யானாவைத் தம் மாணவர் பெர்னார்ட் ஷோருக்கு விற்றார்.

விலகியவர் சும்மா இருக்கவில்லை. பெரிய வியோலாவின் ஒலி வேண்டும், சராசரிக் கைக்கு அது எட்டவும் வேண்டும். டெவன் பகுதியின் கிரெடிட்டன் ஊரில் இருந்த வாத்தியத் தச்சர் ஆர்தர் ரிச்சர்ட்ஸனோடு சேர்ந்து 16 3/4 அங்குல நீளத்தில் ‘டெர்டிஸ் மாடலை’ வடிவமைத்தார். உடலின் கீழ்ப்பகுதி அகலமாக இருக்கும். மேல் தோள் கை எளிதாக ஏற வழிவிடும். இதில் நான் மிகவும் மதிப்பது வடிவத்தை அல்ல, அவர் எடுத்த முடிவை. வரைபடங்களைத் தம்மிடம் பூட்டி வைக்காமல், கேட்ட தச்சர்களுக்கெல்லாம் அனுப்பினார். பல நாடுகளில் நூற்றுக்கணக்கான வாத்தியங்கள் அந்த வரைபடத்திலிருந்து உருவாயின. 1950 டிசம்பரில் விக்மோர் ஹாலில் அதன் ஒலியைப் பொதுமேடையில் கேட்கவைத்தார். இதற்குள் போர்க்காலத்திலேயே அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கியிருந்தார். இன்று அந்த மாடலைத் தேடி வாங்குவோர் குறைவு. உடலைச் சமச்சீரின்றி வெட்டியும், தோளைக் குறுக்கியும் இன்றைய தச்சர்கள் வேறு தீர்வுகளுக்குப் போய்விட்டார்கள். என்றாலும் பழைய இத்தாலிய அளவுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற துணிச்சலை அவர்களுக்குத் தந்தவர்களில் டெர்டிஸ் முக்கியமானவர்.

அளவு பற்றிய இந்தப் பிடிவாதம் ஒரு கொள்கைப் பிளவாகவும் மாறியது. 1928இல் பாரிஸில் மோட்ஸார்ட்டின் ‘சின்ஃபோனியா கான்செர்ட்டான்ட்டே’யில் டெர்டிஸோடு வயலின் வாசித்தவர் வில்லியம் பிரிம்ரோஸ். அந்த ஒலியைக் கேட்டபின் அவர் முழுதாக வியோலாவுக்கே வந்துவிட்டார். பார்டோக்கிடம் கான்செர்ட்டோ கேட்டவர் இவர்தான்; பிரிட்டன் 1950இல் ‘லக்ரிமே’யை எழுதித் தந்ததும் இவருக்குத்தான். ஆனால் பிரிம்ரோஸ் சிறிய வியோலாவையும் வயலின் போன்ற ஒளியையும் வேகத்தையும் விரும்பினார். டெர்டிஸுக்கு வியோலா என்றால் இருண்ட, அகன்ற ஒலி. இன்றைய கலைஞர்கள் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் எங்கோ நிற்கிறார்கள்.

ஆக, “வியோலாவின் தந்தை” என்ற பட்டம் பொருந்துமா? பிரிட்டனுக்குள் பொருந்தும். ஐரோப்பா முழுவதற்கும் என்றால் நான் தயங்குவேன். அதே காலத்தில் பிரான்சில் மோரீஸ் வியூ 1918 முதல் கன்சர்வேட்டரியில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். மாஸ்கோவில் வதீம் பரிஸோவ்ஸ்கி வியோலாப் பள்ளியைக் கட்டினார். அவருடைய மாணவர் ஃபியோதர் துருஷீனினுக்குத்தான் ஷோஸ்டகோவிச் தம் கடைசிப் படைப்பான வியோலா சொனாட்டாவைச் சமர்ப்பித்தார். 1975, டெர்டிஸ் மறைந்த அதே ஆண்டு. ஹிண்டெமித் தாமே எழுதித் தாமே வாசித்து இன்னொரு பாதை போட்டார். பல ஊற்றுகள் சேர்ந்த நதி இது. டெர்டிஸின் ஊற்று அவற்றில் முந்தியது, விடாப்பிடியானது.

அவரிடம் படித்தவர்களில் ரெபெக்கா கிளார்க்கைத் தனியே சொல்ல வேண்டும். 1912இல் ஹென்றி வுட் தம் குழுவில் சேர்த்த முதல் பெண்களில் ஒருவர். 1919இல் அமெரிக்காவில் எலிசபெத் ஸ்ப்ரேக் கூலிட்ஜ் நடத்திய போட்டியில் அவருடைய வியோலா சொனாட்டாவும் எர்னஸ்ட் பிளாக்கின் ஸூட்டும் சமமாக நின்றன. கூலிட்ஜின் வாக்கு பிளாக்குக்குப் போனது. பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த அந்தச் சொனாட்டா இன்று வியோலா மாணவர் ஒவ்வொருவரும் கற்கும் பாடம். டெர்டிஸைச் சுற்றி எழுந்த ஆக்கங்களில் எது நிலைத்தது என்று கணக்கெடுத்தால், அவருக்காக எழுதப்படாத கிளார்க்கின் சொனாட்டாவும் அவர் முதலில் மறுத்த வால்ட்டன் கான்செர்ட்டோவுமே முன்வரிசையில் நிற்கின்றன. ‘ஃப்ளோஸ் காம்ப்பி’ அவற்றின் அருகில். போவனும் டேலும் முதல் உலகப் போருக்குப் பின் மாறிய ரசனையில் ஒதுக்கப்பட்டார்கள்.

டெர்டிஸ் தம் 98ஆம் வயதில், 1975 பிப்ரவரி 22 அன்று, லண்டன் விம்பிள்டனில் காலமானார். முந்தைய ஆண்டுதான் ‘மை வியோலா அண்ட் ஐ’ என்ற முழுத் தன்வரலாறு வெளிவந்திருந்தது. 1980இல் ஐல் ஆஃப் மேன் தீவின் போர்ட் எரின் ஊரில் அவர் பெயரில் சர்வதேச வியோலாப் போட்டி தொடங்கியது. முதல் போட்டியில் அமெரிக்கர் பால் நியூபாவர் வென்றார். இரண்டாம் பரிசு பெற்ற கிம் கஷ்கஷியான் பின்னாளில் குர்டாக், லிகெட்டி படைப்புகளின் பதிவுக்காக கிராமி விருது பெற்றார். அந்த இசைமொழி டெர்டிஸுக்கு வால்ட்டனைவிடப் பன்மடங்கு அந்நியமாக இருந்திருக்கும். அண்மைக் காலத்தில் பிரிட்டனின் லாரன்ஸ் பவர் போன்றவர்கள் போவனின் கான்செர்ட்டோவையும் சொனாட்டாக்களையும் மீண்டும் பதிந்திருக்கிறார்கள். 1908இல் குயின்ஸ் ஹாலில் ஒலித்த அந்தக் கான்செர்ட்டோ சற்று நீளம், ஆனால் இளமைத் துடிப்பு நிறைந்தது. கச்சேரி நிகழ்ச்சிகளில் அதற்கு நிரந்தர இடம் தரலாம் என்றே நான் நினைக்கிறேன்.